பள்ளிக்கரணை ராம்சார் எல்லைக்குள் பட்டா நிலம், அடுக்குமாடித் திட்டம்: எதிர்ப்பை எங்கிருந்து தொடங்குவது?

கோரைப்புல் கேட்டது:

வணக்கம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ராம்சார் (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலப் பட்டியல்) வரைபடத்துக்குள் விழுவதாகத் தெரியும் ஓரிடத்தில் அடுக்குமாடித் திட்டம் வருகிறது. பரப்பு சுமார் 2.4 ஹெக்டேர், மூன்று பட்டா உட்பிரிவுகள். திட்ட அனுமதி எண்ணும் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் பலகையில் இருக்கின்றன. சவுடு மண் கொட்டும் வேலை தொடங்கிவிட்டது. பழைய கிராம வரைபடத்தில் அந்தப் பகுதி 'கழுவெளி' (சதுப்பு நிலம்) என்று எழுதப்பட்டிருக்கிறது. குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்கு, 'பட்டா நிலம் என்பதால் தலையிட வழியில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது.

தெரிய வேண்டியவை: பட்டா இருந்தால் உண்மையிலேயே கதை முடிந்ததா? பசுமைத் தீர்ப்பாயமா, உயர் நீதிமன்றமா? எந்த ஆவணங்களை முதலில் எடுக்க வேண்டும்? கால வரம்பு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா?

---

மதகு:

கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. மற்ற எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், தேதி பொறுக்காது.

இந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பரிவேஷ் தளத்தில் (ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளம்) தேடுங்கள். கொடுத்திருந்தால், பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இன் 16-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். போதிய காரணம் சொன்னால் இன்னொரு 60 நாள் வரை தீர்ப்பாயம் மன்னிக்கலாம். 91-ஆம் நாள் எவ்வளவு நல்ல காரணத்தோடு போனாலும் மன்னிக்கும் அதிகாரமே தீர்ப்பாயத்துக்குக் கிடையாது. வலுவான வழக்குகள்கூட இந்த இடத்தில் இறந்துபோயிருக்கின்றன.

நாள் எப்போதிலிருந்து எண்ணப்படும்? அனுமதி 'தெரிவிக்கப்பட்ட' நாளிலிருந்து. உங்களுக்குத் தனியாக யாரும் கடிதம் போட மாட்டார்கள். இணையதளத்தில் ஏற்றுவதும், அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் கட்டுநர் இரண்டு நாளிதழ்களில் (ஒன்று உள்ளூர் மொழியில்) விளம்பரம் கொடுப்பதும்தான் பொதுமக்களுக்குத் தெரிவித்ததாகும். அந்த விளம்பரம் வந்ததா, எந்தத் தேதியில், அனுமதியின் நகல் எந்தத் தேதியில் தளத்தில் ஏறியது என்று திரைப்பிடிப்போடு எடுத்து வையுங்கள். விளம்பரமே வரவில்லை என்றால் அதுவும் உங்கள் பக்கத்து வாதம்.

சுற்றுச்சூழல் அனுமதியே இல்லாமல் வேலை நடக்கிறதென்றால் வழி வேறு: 14-ஆம் பிரிவு. வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், அதற்கு மேல் மன்னிப்பாக 60 நாள். 'முதன்முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தினமும் லாரி வருகிறது, அதனால் தினமும் புதுக் காரணம் என்று சொன்னால் எடுபடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் லோடு மண் விழுந்த நாளைக் கணக்கில் வையுங்கள்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால்தான் போடலாம் என்பதும் இல்லை.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வரும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று பலர் காத்திருப்பார்கள். வராது. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடம், குடியிருப்புத் திட்டங்கள் 8-ஆம் இனத்தில் வருகின்றன. அந்த இனத்துக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. பரிசீலனை நடக்கும்போதே மாநில மதிப்பீட்டுக் குழுவின் உறுப்பினர் செயலருக்குக் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபம் அனுப்புவதுதான் ஒரே வாசல். கூட்ட நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே தளத்தில் வரும். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

---

புலப்படம்:

பட்டா பற்றி.

'பட்டா நிலம், தலையிட வழியில்லை' என்ற பதில் சட்டப்படி தவறு. ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் 2017, ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்களுக்குத் தானாகவே பொருந்தும். தனி அறிவிக்கை வேண்டியதில்லை. 4-ஆம் விதி ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. நிலம் யாருடையது என்று அந்த விதி கேட்கவே இல்லை. அரசு நிலமானாலும் பட்டா நிலமானாலும் தடை ஒன்றுதான்.

ஆனால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கரணை ராம்சார் தளத்தின் பரப்பு 1,247.54 ஹெக்டேர். 2022-இல் பட்டியலில் சேர்ந்தது. இதில் வனத்துறையின் காப்புக்காடாக இருப்பது சுமார் 700 ஹெக்டேர்தான். மீதி, வருவாய்த்துறை, மற்ற துறைகள், தனியார் கையில் சிதறிக்கிடக்கிறது. ஆகவே, 'காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறோம், ராம்சார் கோடு தரையில் அளந்து புல எண் வாரியாக உறுதிசெய்யப்படவில்லை' என்பதே அவர்களின் முதல் வாதமாக இருக்கும். எல்லையைத் தரையில் சரிபார்க்கும் பணி, சென்னையில் உள்ள தேசிய நீடித்த கடற்கரை மேலாண்மை மையத்திடம் கொடுக்கப்பட்டதும் இதனால்தான். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த வேலை முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கும் புதிய திட்ட அனுமதி தர வேண்டாம் என்றது. அந்த உத்தரவின் இப்போதைய நிலையைத் தீர்ப்பாயத் தளத்தில் பார்த்துவிட்டே மனுவில் எழுதுங்கள். திருத்தப்பட்ட உத்தரவைப் பழைய வடிவில் மேற்கோள் காட்டினால் முதல் நாளே பெயர் கெட்டுவிடும். உங்கள் திட்டத்தின் அனுமதித் தேதி அதற்கு முன்னா பின்னா என்பதும் முக்கியம்.

எடுக்க வேண்டிய வருவாய் ஆவணங்கள், வரிசையாக:

தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (புல எண் வாரியான நில விவரப் பதிவேடு) பட்டாவும் புலப்படமும் (புல எண்ணின் அளவு வரைபடம்) இலவசமாகப் பார்க்கலாம். இது இன்றைய நிலை. இதை மட்டும் வைத்து வாதாடினால் தோற்பீர்கள், ஏனென்றால் இன்றைய பதிவேட்டில் 'புன்செய்' என்றுதான் இருக்கும்.

அதற்கு முந்தையது 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், பேச்சுவழக்கில் யுடிஆர். இந்தக் காலத்தில் புறம்போக்குகள் பட்டாவாக மாறியது நிறைய. சில, அரசு நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் முறையான ஒப்படை ஆணையின் பேரில். சில, அனுபோகத்தில் இருந்தவர் பெயரை எழுதிக்கொண்டதோடு சரி. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே யுடிஆருக்கு முந்தைய 'எஸ்எல்ஆர்' என்ற நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகல் வேண்டும். மாவட்ட ஆட்சியரக ஆவண அறையிலோ, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கேட்கலாம். அச்சிட்ட பழைய கிராம வரைபடத்துக்குச் சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகம்.

பழைய எண், புது எண் இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டு அட்டவணையை மறக்காதீர்கள். பழைய வரைபடத்தில் கழுவெளி என்று போட்டிருக்கும் எண்தான் இன்றைய இந்தப் புல எண் என்று காட்டாவிட்டால், உங்கள் கையில் இருப்பது வெறும் அழகான பழைய படம்.

எஸ்எல்ஆரில் 'கழுவெளி புறம்போக்கு', யுடிஆரில் தனியார் பெயர் என்று வந்தால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆர்டிஐயில் ஒரே ஒரு கேள்வி: இந்தப் புல எண்ணை ஒப்படை செய்த ஆணையின் எண், தேதி, நகல். 'அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று பதில் வந்தால் அதுவே பெரிய ஆவணம். அதை வைத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் யுடிஆர் பிழைத்திருத்த மனு போடலாம். இது மெதுவாக நகரும் வண்டி. இதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். உங்கள் இடம் ராம்சார் பகுதி என்பதால் விதி நேராகப் பொருந்துகிறது. இதே தாளை எடுத்துக்கொண்டு வேறொரு ஏரிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: 2017 விதிகளின் 'ஈரநிலம்' என்ற வரையறையில் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள், வயல்கள், ஆற்றுப் படுகைகள் சேராது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசன ஏரிகள். அங்கே 2007-இன் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் நீர்நிலைப் புறம்போக்கு பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் ஆயுதம்.

---

ஒக்கியம்மடுவு:

மேலே இருவரும் காகிதத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் தண்ணீர்க் கணக்கு. இந்த மாதிரி மனுக்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான்.

முதலில் கொள்ளளவு. 1 ஹெக்டேரில் 1 மீட்டர் உயரத்துக்கு மண் போட்டால் 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் போகிறது. உங்கள் 2.4 ஹெக்டேரை 1.5 மீட்டர் உயர்த்தினால் 36,000 கன மீட்டர், 3.6 கோடி லிட்டர். இதை மனுவின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 'சூழலியல் சமநிலை' என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு எண் வேலை செய்யும்.

அதே எண்ணை லாரிக் கணக்காக மாற்றுங்கள். 1 யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 3 யூனிட் டிப்பரில் சுமார் 8.5 கன மீட்டர். 36,000-ஐ நிரப்ப 4,200 லோடுக்கு மேல். மண் அழுந்தும்போது கன அளவு குறையும் என்பதால் நடப்பில் 5,000-ஐத் தாண்டும். இத்தனை லோடு சவுடு எங்கிருந்து வந்தது, எத்தனை நடைச்சீட்டு (மண் ஏற்றிச்செல்லும் அனுமதிச் சீட்டு) கொடுக்கப்பட்டது என்று கனிமவளத் துறைக்கு ஆர்டிஐ போடுங்கள். சீட்டு 800, மண் 5,000 லோடு என்றால் அது தனி வழக்கு. கட்டட இடிபாடு கொட்டியிருந்தால் அதுவும் 4-ஆம் விதியில் தடை செய்யப்பட்டதே.

இப்போது தவறான வாதம் ஒன்று. 'கான்கிரீட் போட்டால் மழைநீர் வழிந்தோடுவது கூடும்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மேட்டு நிலத்துக்கு அது சரி. சதுப்பில் பலவீனம். கார்த்திகை மாதத்தில் சதுப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கும். அதன்மேல் விழும் மழை எப்படியும் வழிந்துதான் ஓடும். எதிர்த்தரப்புப் பொறியாளர் அதைச் சொல்லி, வழிந்தோடும் அளவில் பெரிய மாற்றம் இல்லை என்று காட்டிவிடுவார். நம் வாதம் தேக்கம் போய்விடுகிறது என்பதுதான். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து பரந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் முட்டுக்காட்டில் கடலில் சேர்கிறது. வெளியேறும் வாய் குறுகியது. கடலில் ஓதம் ஏறியிருந்தால் இன்னும் மெதுவாகும். அதுவரை தண்ணீர் நிற்க இடம் வேண்டும். அந்த இடம் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவுக்குச் சுற்றியுள்ள குடியிருப்பில் மட்டம் ஏறும்.

கட்டுநர் தரப்பு அறிக்கையில் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, மழைநீர் சேகரிப்புக் குழிகள். 3 மீட்டர் ஆழத்தில் இத்தனை குழி, இத்தனை லிட்டர் உள்ளே போகும் என்று கணக்கு இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அங்கே நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏற்கெனவே நீர் நிற்கும் குழி எதைச் சேகரிக்கும்? மண் ஆய்வு அறிக்கையில் துளையிட்ட தேதியும் அன்றைய நீர்மட்டமும் இருக்கும். தேதி மே மாதமாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இரண்டு, இடத்தின் இப்போதைய சூழல்நிலையைப் பதியும் அடிப்படை ஆய்வின் பருவம். மழையில்லாத ஒரு பருவத்தில் மட்டும் எடுப்பதே இத்தகைய ஆய்வுகளில் வழக்கம். கோடையில் சதுப்பு காய்ந்த மைதானம் மாதிரி இருக்கும். பறவைப் பட்டியலும் சுருங்கிவிடும். வலசைப் பறவைகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் மிகுதி.

மூன்று, 'தூண்கள்மேல் கட்டுகிறோம், தண்ணீர் கீழே ஓடும்' என்ற வரி. கட்டடம் தூணில் நிற்கலாம். தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையும், மின்மாற்றியும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் தூணில் நிற்காது. அவற்றுக்காக மனை முழுக்க மேடாகும். நீர்வளத் துறை கொடுத்த வெள்ளப் பாதிப்புத் தடையின்மைச் சான்றின் நகலை வாங்கினால், எந்த மட்டம் வரை உயர்த்தச் சொன்னார்கள் என்பது எண்ணாகவே கிடைக்கும். என் கணக்கில் 1.5 என்று போட்டதை அந்த எண்ணால் மாற்றிவிடுங்கள்.

படங்கள் பற்றி: கூகுள் எர்த் ப்ரோவின் பழைய படங்கள் தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் மேகமில்லாத கோடைப் படங்களே அதிகம். மழைக்காலத்துக்கு சென்டினல்-1 ரேடார் படங்களை எடுங்கள், 2014-லிருந்து இலவசம், மேகம் தடையில்லை. திறந்த நீர் கறுப்பாகத் தெரியும். கோரையும் நாணலும் அடர்ந்த இடத்தில் நீர் இருந்தால் மாறாக வெளிச்சமாகத் தெரியும். இது தெரியாமல் 'வெளிச்சமாக இருக்கிறது, காய்ந்த நிலம்' என்று எதிராளி சொல்ல, நம் ஆட்களும் தலையாட்டுவார்கள்.

இலவச உயர வரைபடத்தை (எஸ்ஆர்டிஎம்) வைத்து நிலமட்டம் காட்டவே காட்டாதீர்கள். அதன் பிழையே சில மீட்டர். இங்கே வழக்கு நடப்பது ஒரு மீட்டருக்காக.

---

கோரைப்புல்:

மூவருக்கும் நன்றி. பரிவேஷில் தேடிவிட்டேன், இந்தப் பெயரிலோ புல எண்ணிலோ சுற்றுச்சூழல் அனுமதி இல்லை. ரெரா தளத்தில் இருக்கும் வரைபடத்தில் தளப்பரப்புக் குறியீட்டுக்கான பரப்பு 17,600 சதுர மீட்டர், 'முதல் கட்டம்' என்று போட்டிருக்கிறது. 20,000-க்குக் குறைவு என்பதால் அனுமதி தேவையில்லை என்கிறார்கள். சரியா? இன்னொன்று, நிலம் சதுப்பின் நீர்க்கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கிறது, சட்டம் 50 மீட்டர்தான் என்றும் சொல்கிறார்கள்.

---

மதகு:

இரண்டுமே அரை உண்மை.

17,600 என்பது தளப்பரப்புக் குறியீட்டுக்கான பரப்பு. அதில் வாகன நிறுத்தமும் வேறு சில பகுதிகளும் கழிக்கப்பட்டிருக்கும். சுற்றுச்சூழல் அறிவிக்கை பார்ப்பது கட்டப்பட்ட மொத்தப் பரப்பை: எல்லாத் தளங்களும், அடித்தளமும், சேவைப் பகுதிகளும் சேர்த்து. அதே வரைபடத்தின் மூலையில் ஒரு பரப்பு அட்டவணை இருக்கும். அடித்தள நிறுத்தம் 4,000 இருந்தால் போதும், 21,600 ஆகிவிடும். 2006 அறிவிக்கையின் 8(அ) இனத்தின் வரம்பு 20,000 முதல் 1,50,000-க்குக் கீழ் வரை. வரம்பைத் தாண்டினால் அனுமதி வாங்கும் முன் நிலத்துக்கு வேலி போடுவதைத் தவிர எதுவும் செய்யக் கூடாது. மண் நிரப்பியதே மீறல்.

'முதல் கட்டம்' என்பது அடுத்த துப்பு. திட்டத்தைத் துண்டாக்கியிருக்கிறார்களா என்று பார்க்க மூன்று அடையாளம்: எல்லாக் கட்டத்துக்கும் ஒரே நுழைவுப் பாதை, ஒரே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், விற்பனைக் கையேட்டில் எல்லாக் கட்டடங்களையும் சேர்த்துப் போட்ட ஒரே படம். கையேட்டின் தேதியிட்ட பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். தளத்தில் அது மாறிவிடும். திறந்தவெளி ஒதுக்கீட்டையும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். உங்கள் இடத்துக்கு ஏறக்குறைய 2,400 சதுர மீட்டர். மூன்று உட்பிரிவுகளையும் தனித்தனி மனையாகக் காட்டி, ஒவ்வொன்றும் 10,000-க்குக் கீழ் என்று நிலத்துக்குப் பதில் பணம் கட்டியிருந்தால் துண்டாக்கல் அங்கேயே வெளிப்படும்.

50 மீட்டர் பற்றி. 4-ஆம் விதியில் பல தடைகள் தனித்தனியாக இருக்கின்றன. ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பது ஒன்று. கடந்த 10 ஆண்டுகளில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்பது இன்னொன்று. அவர்கள் இரண்டாவதை மட்டும் வாசிக்கிறார்கள். புல எண் ராம்சார் எல்லைக்குள் இருந்தால் முதல் தடையே போதும், 50 மீட்டர் பேச்சுக்கே இடமில்லை. வெளியே இருந்தால்தான் 50 வருகிறது. அப்போதும் அளவுகோல் இன்றைக்கு நீர் நிற்கும் கரை அல்ல, உயர் வெள்ள மட்டம். 10 ஆண்டு என்பது விதி நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கி, அதாவது 2017-க்கு முந்தைய பத்து ஆண்டு. 2015 டிசம்பர் அதற்குள் வருகிறது. அந்த மட்டங்களை நீர்வளத் துறையிடம் ஆர்டிஐயில் கேளுங்கள்.

எல்லைக்கு வெளியே, 'தாக்க மண்டலத்துக்குள்' (ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) மட்டும் விழுந்தால் வழக்கு இளைத்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே 4-ஆம் விதித் தடை நேராக வராது. எதை அனுமதிக்கலாம், எதை ஒழுங்குபடுத்தலாம் என்ற பட்டியலை மாநில ஈரநில ஆணையம்தான் தயாரிக்க வேண்டும். அதனால்தான் மேலே 'புலப்படம்' என்ற நண்பர் சொன்ன எல்லை வேலை முதலில் முடிய வேண்டும்.

எந்த நீதிமன்றம்: ஈரநில விதிகளும் 2006 அறிவிக்கையும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் கீழ் வருபவை. ஆகவே தீர்ப்பாயம் விசாரிக்கலாம். திட்ட அனுமதி 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பட்டா ரத்து வருவாய்ச் சட்டம். இந்த இரண்டும் தீர்ப்பாயத்தின் அட்டவணையில் இல்லை, வனவிலங்குச் சட்டமும் இல்லை. அவற்றை ரத்து செய்யச் சொல்லி அங்கே கேட்டால் 'எங்கள் வரம்பில் இல்லை' என்று திரும்பி வரும், அதற்குள் ஆறு மாதம் போயிருக்கும். திட்ட அனுமதியை எதிர்க்க உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவு ரிட். ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் வைக்காதீர்கள். கட்டுநர் கேவியட் ('என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற முன்மனு) போட்டிருக்கிறாரா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டிருந்தால் அவருக்குத் தெரிவிக்காமல் இடைக்காலத் தடை கிடைக்காது. அந்த இடைவெளியில் அஸ்திவாரம் எழும்பிவிடும்.

---

புலப்படம்:

எல்லை வேலையை எப்படிச் செய்வது என்று சுருக்கமாக. ராம்சார் தகவல் தளத்தில் பள்ளிக்கரணைக்கான தகவல் தாளும் வரைபடமும் இருக்கின்றன. அதைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். அதன்மேல் புலப்படத்தை வைக்க வேண்டும். புலப்படத்தில் அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது, அளவுகள் மட்டுமே. பழையது சங்கிலி, லிங்க் அளவில் இருக்கலாம். 1 லிங்க் 20.12 சென்டிமீட்டர், 100 லிங்க் 66 அடி. தரையில் இன்னும் நிற்கும் எல்லைக் கற்களைப் பொதுவழியிலிருந்து எட்டக்கூடியவையாகக் குறைந்தது நான்கு தேர்ந்தெடுத்துப் பொருத்துங்கள். கைபேசி ஜிபிஎஸ்ஸில் 5 மீட்டர் பிழை சாதாரணம். மனை எல்லைக்கோட்டிலிருந்து 100 மீட்டர் உள்ளே என்றால் அந்தப் பிழை பொருட்டல்ல. கோட்டின்மேலேயே விழுகிறது என்றால் உரிமம் பெற்ற நில அளவரை வைத்து டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) அளவை எடுக்க வேண்டியதுதான். வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள். அத்துமீறல் புகார் ஒன்று வந்தால், வழக்கு சதுப்பைப் பற்றியதாக இல்லாமல் உங்களைப் பற்றியதாக மாறிவிடும்.

---

நாணல்கரை:

மனு எழுதுவது பற்றி மட்டும்.

குறைதீர் நாளில் ஒரு வரிப் பதில் வந்ததற்குக் காரணம், மனுவில் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி எதுவும் இல்லாததாக இருக்கலாம். 'சதுப்புநிலத்தைக் காப்பாற்றுங்கள்' என்ற மனு ஐந்து மேசை தாண்டி, 'மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று முடியும். துறைக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு கேள்வி, ஒரு பக்கம். ஈரநில ஆணையத்திடம்: இந்தப் புல எண்கள் ராம்சார் எல்லைக்குள் உள்ளனவா, ஆம் எனில் 4-ஆம் விதியின்படி எடுத்த நடவடிக்கை என்ன. சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்): அனுமதி தரும்முன் ஈரநில ஆணையத்தின் கருத்து பெறப்பட்டதா, கடித எண், தேதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்: நிறுவுவதற்கான இசைவு தரப்பட்டதா, அதில் காட்டிய மொத்தப் பரப்பு எவ்வளவு. அந்தப் பரப்பும் சிஎம்டிஏ கோப்பில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஆர்டிஐயில் 'அனைத்து ஆவணங்களும்' என்று கேட்காதீர்கள். 'வணிக இரகசியம்', 'மூன்றாம் நபர்' என்று 8(1)(ஈ), 11 பிரிவுகளைக் காட்டி மறுக்க அது வசதி. கோப்பைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. குறிப்புப் பக்கங்களில்தான் எந்த அதிகாரி என்ன ஆட்சேபம் எழுதினார், பிறகு அது எப்படி நீங்கியது என்பது இருக்கும். தேவையான பக்கங்களைக் குறித்து அவற்றின் நகலை மட்டும் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் ஆர்டிஐ பதிலுக்காகத் தீர்ப்பாயக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கையில் இருப்பதை வைத்து மனு போட்டுவிட்டு, ஆவணங்களைக் கூடுதல் தொகுப்பாகப் பிறகு சேர்க்கலாம்.

எல்லாவற்றையும் தபாலில் அனுப்புங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. 'பதிவு', 'ஒப்புகை' இரண்டையும் தனியாகக் கேட்டுக் கட்டணம் கட்ட வேண்டும், கவுண்டரில் கேட்காவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.

புகைப்படம்: பொதுச் சாலையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வாரம் ஒன்று. மின்கம்பம் மாதிரி அசையாத ஒன்று சட்டத்துக்குள் இருக்கட்டும், மண் எவ்வளவு ஏறியது என்பது அதை வைத்துத் தெரியும். அசல் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், தேதி விவரம் அழிந்துவிடும். உயர் நீதிமன்றத்துக்குப் போனால் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கலாம். அதற்கு அசல் கோப்பின் ஹாஷ் எண் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) வேண்டும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல, இருந்தாலும் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மனுவிலும் 'லஞ்சம்', 'கூட்டுச்சதி' என்று எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத ஒரு சொல்லுக்காக அவதூறு நோட்டீஸ் வரும். அது வந்த நாளிலிருந்து உங்கள் வழக்கறிஞரின் நேரம் அதற்கே போகும்.

---

கோரைப்புல்:

பரப்பு அட்டவணையைப் பார்த்தேன். அடித்தளம் 3,150, தரைத்தள வாகன நிறுத்தம் 2,480, சுத்திகரிப்பு நிலையமும் மின்னறையும் 310. 17,600-உடன் கூட்டினால் 23,540 வருகிறது. முதல் லோடு மண் விழுந்து 41 நாள் ஆகிறது.

---

மதகு:

அப்படியானால் 14-ஆம் பிரிவு, 6 மாதக் கெடுவில் இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது. நான்கையும் செலவழிக்க வேண்டாம். அந்த அட்டவணைப் பக்கத்தின் பதிவிறக்கத் தேதி தெரியும்படி இன்று அச்சு எடுங்கள். ரெரா தளத்தில் திருத்திய வரைபடம் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். 23,540 என்ற எண்ணோடு மாநில மதிப்பீட்டு ஆணையத்துக்கு நாளைக்கே ஒரு பக்கக் கடிதம்: இந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி தேவையா, இல்லையா? தீர்ப்பாய மனுவில் இடைக்காலக் கோரிக்கையாக முதலில் மண் கொட்டுவதை நிறுத்தக் கேளுங்கள், இரண்டாவதாகக் கூட்டுக் குழு ஆய்வு. குழுவில் நீர்வளத் துறையும் ஈரநில ஆணையமும் இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஆய்வு மழைக்காலத்துக்குள் நடக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். கோடையில் வந்து பார்த்தால் அவர்கள் கண்ணுக்குத் தெரியப்போவது மைதானம்தான்.